புதுக் கறிச் சமையல்: குக்கரா, சட்டியா, ஓவனா, வாணலியா?

புதிதாக ஒரு கறி வகையைச் செய்து பார்க்கலாம் என்று இறங்குபவர்கள் மசாலாவைப் பற்றித்தான் நிறைய யோசிப்பார்கள். மசாலா பிசகினால் கடைசி நிமிடத்தில்கூடச் சமாளித்துவிடலாம். காரம் கூடிவிட்டால் தயிரோ தேங்காய்ப்பாலோ கைகொடுக்கும். உப்பு கூடிவிட்டால் உப்பில்லாமல் இன்னும் கொஞ்சம் வெங்காயம் தக்காளி வதக்கிச் சேர்க்கலாம். வாங்கிய துண்டும் வேகவைக்கும் முறையும் பொருந்தாமல் போனால்தான் சிக்கல். கோழி நெஞ்சுக்கறியைக் குக்கரில் இருபது நிமிடம் விட்டுவிட்டால் கிடைப்பது சக்கை. அதை எந்த மசாலாவும் மீட்காது. ஆட்டின் முன்னங்காலை வாணலியில் பத்து நிமிடம் புரட்டி இறக்கினால் மென்று மாளாது. ஆனால் அதை மீண்டும் தண்ணீரோடு அடுப்பில் ஏற்றினால் மென்மையாகிவிடும். வேகாததைத் திருத்தலாம், வறண்டதைத் திருத்த முடியாது. முதல்முறை செய்யும் சமையலுக்கு எதைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்விக்குப் பாதி விடை இதிலேயே இருக்கிறது.

முதலில் துண்டு

விலங்கு நடக்கவும் நிற்கவும் அதிகம் பயன்படுத்தும் தசைகளில், அதாவது தோள், முன்னங்கால், கழுத்து, கணுக்கால் பகுதிகளில், கொலாஜன் அதிகம். கறியை நறுக்கும்போது தசைகளுக்கு நடுவே வெள்ளையாகப் பளபளக்கும் சவ்வைப் பார்த்திருப்பீர்கள், அதுதான். முதுகுத்தண்டை ஒட்டிய தசையும் கோழியின் நெஞ்சும் அவ்வளவு உழைக்காதவை. அவற்றில் சவ்வும் குறைவு, கொழுப்பும் குறைவு.

கறியின் உள்வெப்பம் 50 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது தசைப் புரதங்கள் இறுகத் தொடங்குகின்றன. 60 முதல் 65 டிகிரிக்குள் சவ்வு சுருங்கி, நார்களைப் பிழிந்து சாற்றை வெளியே தள்ளுகிறது. 70ஐத் தாண்டும்போது நெஞ்சுக்கறி போன்றவை வேகமாக வறளும். அதே 70க்கு மேல்தான் கொலாஜன் கரைந்து ஜெலட்டின் ஆவது சூடுபிடிக்கிறது. 85 முதல் 95 வரை நன்றாக நடக்கிறது. இதற்கு வெப்பம் மட்டும் போதாது, நேரமும் வேண்டும். சவ்வுள்ள துண்டும் சாற்றை இழக்கத்தான் செய்கிறது. கரைந்த ஜெலட்டின் நார்களுக்கிடையே வழவழப்பாகத் தங்கிவிடுவதால் நாக்குக்கு அது தெரிவதில்லை.

நடுவில் ஒரு கட்டம் வரும். சாறு போயிருக்கும், சவ்வு இன்னும் கரைந்திருக்காது. ஆட்டுக்கறியை நாற்பது நிமிடம் வேகவைத்துக் கடித்துப் பார்த்து, ‘ரப்பர் மாதிரி ஆகிவிட்டது, இதற்கு மேல் விட்டால் இன்னும் கெட்டியாகிவிடும்’ என்று அடுப்பை அணைப்பது இந்த இடத்தில்தான். அணைக்கக் கூடாது. சவ்வுள்ள துண்டு கெட்டியாக இருந்தால் இன்னும் நேரம் கேட்கிறது என்று பொருள். நெஞ்சுக்கறி கெட்டியாக இருந்தால் நேரம் கடந்துவிட்டது என்று பொருள். ஒரே அறிகுறிக்கு இரண்டு துண்டுகளில் இரண்டு காரணங்கள்.

கோழித் தொடை இரண்டுக்கும் இடைப்பட்டது. 74 டிகிரியிலேயே சாப்பிடப் பாதுகாப்பானது என்றாலும், 80 முதல் 85 வரை போனால்தான் மூட்டுப் பக்கத்துச் சவ்வு இளகி ருசியாக இருக்கும். பத்து நிமிடம் கூடுதலாக அடுப்பில் இருந்தாலும் கெட்டுப்போகாது. குறிப்பில் ‘எலும்பில்லாத நெஞ்சுக்கறி’ என்றிருந்தாலும், கிரேவி வகையாக இருந்தால் முதல்முறை தொடைக்கறியில் செய்யுங்கள். குறிப்பு எழுதியவர் கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

குக்கர்

நேரமில்லை, துண்டு சவ்வுள்ளது என்றால் குக்கரை மிஞ்ச ஆளில்லை. முழு அழுத்தத்தில் உள்ளே வெப்பம் 120 டிகிரி அளவுக்கு ஏறுவதால், திறந்த சட்டியில் ஒன்றரை இரண்டு மணி நேரம் எடுக்கும் ஆட்டுத் தோள்கறி, மூன்று சென்டிமீட்டர் துண்டுகளாக இருந்தால், 15 முதல் 20 நிமிடத்தில் வெந்துவிடும். மாட்டின் தோள் பகுதிக்கு 30 முதல் 35 நிமிடம். எலும்புள்ள கோழித் தொடைக்கு 8 முதல் 10 நிமிடம் போதும்.

இந்தக் கணக்கு விசிலில் இல்லை, நிமிடத்தில். தீயின் அளவு, குக்கரின் கொள்ளளவு, உள்ளே இருக்கும் நீர் எல்லாவற்றுக்கும் ஏற்ப விசில் மாறும். பெரிய தீயில் ஐந்து விசில் ஆறேழு நிமிடத்தில் வந்துவிடலாம், சிறுதீயில் அதற்கு அரை மணி நேரம் ஆகலாம். அடுத்தவர் சொன்ன ‘அஞ்சு விசில்’ உங்கள் அடுப்பில் வேறாகிப் போவது இதனால்தான். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து அங்கிருந்து கடிகாரத்தைப் பாருங்கள்.

குக்கரில் கெடுவது மூன்று இடங்களில். முதலாவது, அடிபிடித்தல். தக்காளி விழுதோ முந்திரி விழுதோ கெட்டியாக அடியில் தங்கினால் அழுத்தம் ஏறுவதற்குள்ளேயே கருகிவிடும். வதக்கிய பிறகு ஒரு கை தண்ணீர் விட்டு அடியில் ஒட்டியதைக் கரண்டியால் சுரண்டிக் கரைத்த பிறகே மூடியைப் போடவேண்டும். கெட்டி விழுதுகளைத் திறந்த பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, அழுத்தத்தை அவசரமாக இறக்குவது. வெயிட்டைத் தூக்கி ஆவியை வெளியேற்றினால் உள்ளே இருக்கும் சாறு திடீரென்று கொதிக்கிறது, கறிக்குள் இருப்பதும் சேர்ந்துதான். துண்டு பார்க்க வெந்திருக்கும், வாயில் நார் நாராகப் பிரிந்து வறட்சியாக இருக்கும். 10 முதல் 15 நிமிடம் தானாக அடங்கவிட்டால் இது நேராது. அந்த நேரத்திலும் கறி வெந்துகொண்டிருக்கும் என்பதால் அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

மூன்றாவது, நீர்த்த குழம்பு. மூடிய குக்கரில் நீர் ஆவியாகப் போவது மிகக் குறைவு. கறியும் வெங்காயமும் தக்காளியும் விடும் நீர் வேறு. ஒரு கிலோ கறிக்கு உங்கள் குக்கர் கேட்கும் குறைந்தபட்ச அளவு மட்டும், பெரும்பாலும் ஒரு கப், தண்ணீர் விட்டால் போதும். திறந்த பிறகு கறியை ஒரு தட்டில் எடுத்துவைத்துவிட்டு, குழம்பை மட்டும் பெரிய தீயில் ஐந்து முதல் பத்து நிமிடம் சுண்டவைத்து, மறுபடியும் கறியைச் சேருங்கள். கறியோடு சேர்த்துச் சுண்டவைத்தால் துண்டுகள் உடைந்துவிடும். ஏலம், பட்டை போன்றவற்றின் மணம் நீண்ட வேக்காட்டில் மங்கிவிடுவதால், பொடித்த வாசனை மசாலாவில் பாதியைக் கடைசிக்கு வைத்துக்கொள்வது நல்லது. தேங்காய்ப்பாலும் தயிரும் அழுத்தத்தில் திரிந்துவிடும், அவையும் கடைசியில்தான்.

அடிகனமான சட்டி

புதுச் சமையலைக் கற்றுக்கொள்ள இதைவிடச் சிறந்த பாத்திரம் இல்லை என்பது எங்கள் கட்சி. காரணம் எளிது. எப்போது வேண்டுமானாலும் மூடியைத் திறக்கலாம், ருசிக்கலாம், திருத்தலாம். குக்கருக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாது, சட்டி ஒளிக்காது.

அதற்கு முன் வறுப்பது. கறியின் மேற்பரப்பு பொன்னிறமாகி மணம் வர 140 டிகிரி அளவு வெப்பம் தேவை. மேலே ஈரம் இருக்கும்வரை அது 100ஐத் தாண்டாது. கழுவிய கறியை நன்றாக வடித்து, துணியாலோ தாளாலோ ஒற்றியெடுத்த பிறகே சட்டியில் போட வேண்டும். (பச்சைக் கோழியைக் குழாயடியில் பிடித்துக் கழுவாதீர்கள். தெறிக்கும் துளிகளோடு கிருமியும் சிங்க் முழுக்கப் பரவும்.) 28 சென்டிமீட்டர் அகலச் சட்டி என்றால் அரைக் கிலோவை இரண்டு தடவையாகப் போடுங்கள். காதைக் கொடுத்தால் போதும், தெரிந்துவிடும். ‘சொர்ர்’ என்று வறண்ட சத்தம் கேட்டால் வறுபடுகிறது. ‘சளசள’ என்று கேட்டால் நீர் விட்டு, அந்த நீரிலேயே வெந்துகொண்டிருக்கிறது; நிறம் சாம்பலாகத்தான் இருக்கும். அப்படி ஆகிவிட்டால் பாதியை எடுத்துவிட்டு, தீயைக் கூட்டி நீரை வற்றவிடுங்கள். ஒவ்வொரு பக்கமும் இரண்டு மூன்று நிமிடம் கிளறாமல் விடவேண்டும். வறுபட்ட துண்டு தானே அடியைவிட்டு நழுவும். இழுத்தால் வராத துண்டு இன்னும் தயாராகவில்லை. எல்லாப் பக்கமும் சிவக்க வேண்டும் என்றில்லை, இரண்டு பக்கம் சிவந்தாலே குழம்புக்கு வேண்டிய ருசி இறங்கிவிடும்.

பிறகு நீர். கறி மூழ்க ஊற்ற வேண்டாம், துண்டுகளின் மூன்றில் இரண்டு பங்கு உயரம் போதும். மூடியை ஒரு விரல் இடைவெளி விட்டுச் சாய்த்து வைத்து, மேலே அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குமிழி வரும் அளவுக்குத் தீயைக் குறையுங்கள். தளதளவென்று கொதிக்கவிட்டால் சவ்வு கரைவதற்குள் நார் பிரிந்து வறண்டுவிடும். வெள்ளாட்டுக்கறிக்கு ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம், மாட்டுக்கறிக்கு இரண்டரை முதல் மூன்று மணி நேரம், எலும்புள்ள கோழித் தொடைக்கு 30 முதல் 35 நிமிடம். முள்கரண்டியைக் குத்திச் சுழற்றினால் தடையில்லாமல் திரும்ப வேண்டும்; அதுதான் பதம். தயிர் சேர்ப்பதானால் ஒரு கப் தயிருக்கு ஒரு தேக்கரண்டி கடலை மாவு அடித்துக் கலந்து, தீயைக் குறைத்து, கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள், திரியாது.

குறை என்றால் நேரமும் எரிவாயுவும்தான். அடுப்பருகில் ஆள் இருக்க வேண்டும், அரை மணிக்கொருமுறை கிளறவும் வேண்டும். வேலைநாள் மாலைக்கு இது ஒத்துவராது.

ஓவன்

ஓவனில் எரிச்சலூட்டுவது, குறிப்பில் உள்ள வெப்பமும் உங்கள் ஓவனின் உண்மை வெப்பமும் பொருந்தாமல் போவது. வீட்டு ஓவன்களில் பத்து இருபது டிகிரி வித்தியாசம் சாதாரணம். குறிப்பில் 40 நிமிடம் என்றிருந்தால் 30ஆவது நிமிடத்திலேயே திறந்து பாருங்கள்.

எலும்பும் தோலும் உள்ள கோழித் தொடைகள் ஓவனுக்கென்றே பிறந்தவை. 200 முதல் 220 டிகிரியில் 35 முதல் 45 நிமிடம். தட்டில் துண்டுகளுக்கிடையே இரண்டு விரல் இடைவெளி இல்லாவிட்டால் ஆவியில் வெந்து தோல் தொளதொளவென்று கிடக்கும். கம்பித் தட்டின் மேல் வைத்தால் இன்னும் நல்லது. மசாலாவில் சர்க்கரையோ தேனோ இருந்தால் கடைசிப் பத்து நிமிடத்தில் மட்டும் தடவுங்கள். முதலிலேயே தடவினால் வெளியே கருகி உள்ளே பச்சையாக இருக்கும்.

வாணலி

மெல்லிய துண்டு, பெரிய தீ, குறைந்த நேரம். நன்றாக வந்தால் இதற்கு நிகரில்லை. அரை நிமிடம் தவறினால் போயிற்று. நெஞ்சுக்கறி, முதுகுத் தசை, ஈரல் ஆகியவை இதற்கு உகந்தவை. கறியை அரை மணி முதல் முக்கால் மணி நேரம் ஃப்ரீசரில் வைத்தால் விறைத்துக்கொள்ளும், மூன்று நான்கு மில்லிமீட்டர் தடிமனில் நறுக்கலாம். நாரின் ஓட்டத்துக்குக் குறுக்கே நறுக்க வேண்டும். நீளவாக்கில் நறுக்கினால் எவ்வளவு பதமாக வறுத்தாலும் பல்லில் இழுபடும். வெங்காயம், மிளகாய், சாஸ் எல்லாம் முன்கூட்டியே கிண்ணங்களில் தயாராக இருக்க வேண்டும். வாணலியில் கறி விழுந்த பிறகு பூண்டு உரிக்க நேரமிருக்காது. நான்கு பேருக்கு மேல் என்றால் இந்த முறையை விட்டுவிடுங்கள். மூன்று தடவையாக வறுத்து முடிப்பதற்குள் முதலில் வறுத்தது ஆறிவிடும்.

இந்த வரிசையில் சேராத ஒன்று கொத்துக்கறி. சவ்வு ஏற்கெனவே இயந்திரத்தில் அறுபட்டுவிட்டதால் மென்மைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. புது மசாலா ஒன்றைப் பிடிக்குமா பிடிக்காதா என்று பார்க்க, 250 கிராம் கொத்துக்கறியில் இருபது நிமிடத்தில் செய்து ருசித்துவிடலாம். பிடித்தால் அடுத்த வாரம் அதையே முழுத் துண்டுகளில் செய்துகொள்ளலாம். உருண்டையாகப் பிடிப்பதானால் உப்பைக் கடைசியில் சேருங்கள். உப்போடு நெடுநேரம் பிசைந்தால் புரதம் ஒட்டிக்கொண்டு உருண்டை பந்து மாதிரி துள்ளும்.

ஊறவைப்பதில் எது?

உப்பு ஒன்றுதான் நிஜமாகவே உள்ளே போகிறது. மற்ற மசாலாக்கள் எத்தனை மணி நேரம் ஊறினாலும் மேலே சில மில்லிமீட்டர் ஆழம்தான். ஒரு கிலோ எலும்பில்லாத கறிக்கு 10 முதல் 12 கிராம் தூள் உப்பு, ஏறத்தாழ இரண்டு தேக்கரண்டி; எலும்போடு என்றால் ஒன்றரை. முந்தின இரவே தடவி ஃப்ரிட்ஜில் வைத்தால் கறி சாற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பெரிய துண்டுகளுக்கு இதைத் தவிர வேறெதுவும் தேவையில்லை என்றுகூடச் சொல்லலாம். குழம்பில் உப்பு போடும்போது இதைக் கழித்துக்கொள்ள மறக்கக் கூடாது.

தயிர் மென்மையான புளிப்பு. கோழியை இரவு முழுக்க ஊறவைத்தாலும் பெரிதாகக் கெடாது. எலுமிச்சைச் சாறு அப்படியில்லை. மணிக்கணக்கில் விட்டால் மேற்பரப்பு வெளுத்து மாவு மாதிரி ஆகிவிடும், அரை மணிக்கு மேல் வேண்டாம். பச்சைப் பப்பாளி விழுது, அரைக் கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி, அரை மணி நேரம். இதன் நொதி புரதத்தையே வெட்டுவதால், இரவு முழுக்க விட்டால் வெளிப்பகுதி குழைந்து கூழாகும், உட்பகுதி அப்படியே இருக்கும். மெல்லிய துண்டுகளுக்குத்தான் இது உதவும். சமையல் சோடா வாணலிக்கு ஏற்றது. அரைக் கிலோ மெல்லிய துண்டுகளுக்கு அரைத் தேக்கரண்டி, 15 நிமிடம், பிறகு அலசி ஒற்றியெடுக்க வேண்டும். கூடினால் சோப்பு வாடை வரும்.

வீட்டில் யார் சாப்பிடப் போகிறார்கள்?

பல் வலுவில்லாத பெரியவர்களும் சிறு பிள்ளைகளும் இருந்தால் குக்கரும் சட்டியும்தான். வாணலிக் கறி அவர்களுக்குச் சிரமம். பிள்ளைகளுக்காகக் காரத்தைக் குறைக்க நினைத்தால் கறியை மிதமான மசாலாவில் வேகவைத்துப் பிள்ளைகளின் பங்கை எடுத்துவிட்டு, மிளகாய்த் தாளிப்பை மீதியில் கொட்டலாம். குழம்பு வகைக்கு இந்த வசதி உண்டு. முதலிலேயே மசாலா தடவிச் சுடும் ஓவன் வகைக்குத் தனித் தட்டு வேண்டும். சிறு குழந்தைக்கு எலும்புச் சில்லு தொண்டையில் சிக்காமல் இருக்க, வெட்டிய எலும்பை விட முழு மூட்டோடு இருக்கும் துண்டு பாதுகாப்பு. ஊட்டும் முன் கையால் பிய்த்துப் பாருங்கள்.

அளவு: எலும்போடு ஆளுக்கு 200 முதல் 250 கிராம், எலும்பில்லாமல் 120 முதல் 150 கிராம். விருந்தாளி வரும் நாளில் புதுக் குறிப்பைச் செய்வதாக இருந்தால் சட்டியில் செய்யும் வகையை எடுங்கள், முந்தின நாளே செய்துவைக்கலாம். வேலைநாளுக்குக் குக்கர் அல்லது கொத்துக்கறி. ஓவனை ஞாயிறுக்கு வைத்துக்கொள்ளுங்கள். நெஞ்சுக்கறியை வாணலியில் வறுக்கும் வகைகளை, துண்டில் குத்திப் பார்க்கும் ஒரு வெப்பமானி வாங்கிய பிறகு தொடங்குவது உசிதம். கோழிக்கு 74 டிகிரி, கொத்துக்கறிக்கு 71, ஆடு மாடு முழுத் துண்டுகளுக்கு 63 டிகிரியும் பிறகு மூன்று நிமிட ஓய்வும் குறைந்தபட்ச எல்லை. முள் எலும்பில் படாமல், துண்டின் தடிமனான இடத்தில் நடுவில் நிற்க வேண்டும். கறியின் நிறத்தை நம்பாதீர்கள். எலும்போரம் சிவப்பாக இருந்தும் வெந்திருக்கும், வெளுத்திருந்தும் வேகாமல் இருக்கும்.

எந்தப் பாத்திரமானாலும் ஒரு தடவைக்கு ஒரு புதுமை போதும். மசாலா புதிதா, பழகிய துண்டில் செய்யுங்கள். துண்டு புதிதா, பழகிய மசாலாவில் செய்யுங்கள். இரண்டும் புதிதாக இருந்து கெட்டுப்போனால் எதைத் திருத்துவதென்று தெரியாது.

மீந்த குழம்பை இரண்டு மணி நேரத்துக்குள் அகலமான, ஆழமில்லாத பாத்திரத்துக்கு மாற்றி ஃப்ரிட்ஜில் வையுங்கள். பெரிய சட்டியோடு வைத்தால் நடுப்பகுதி குளிர மணிக்கணக்காகும். மறுநாள் மேலே உறைந்த கொழுப்பை வழித்தெடுத்துவிட்டு, கொதி வரச் சூடாக்கினால் போதும். மூன்று நான்கு நாள் தாங்கும். சுட்ட நெஞ்சுக்கறி மீந்தால் மறுபடி சூடாக்காதீர்கள், குளிர்ந்தபடியே பிய்த்து வெங்காயம், மிளகு, எலுமிச்சை சேர்த்துப் பிசறிக்கொள்ளுங்கள்.